இருபது என்று எழுதினேன்

எங்கள் வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு இருபதுதான். ஆஸ்துமாவில் கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்த பீடி சுற்றும் அம்மாவுக்கும் இருபது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து குறட்டை விட்டுத் தூங்கிய வாத்தியாருக்கும் இருபது. டெங்கு என்று வந்தவருக்கும், மாரடைப்பு தப்பி வந்தவருக்கும், காலில் புண்ணோடு வந்த சர்க்கரைக்காரருக்கும் அதே இருபது. காய்ச்சலைக் கருவி சொல்லிவிடும், ரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும், நாடித்துடிப்பை விரலில் மாட்டுகிற கிளிப் சொல்லிவிடும். மூச்சை மட்டும்தான் ஆள் நின்று எண்ண வேண்டும். ஆள் நிற்பதில்லை. இருபது என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

"போய்விடுவார்கள்" என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. மனசாட்சி விடவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் அந்த வார்டுக்கு நான்தான் பொறுப்பு. சட்டை கசங்கி வருகிற பெண்ணைத் திட்டியிருக்கிறேன், பெட்பேன் கழுவாமல் வைத்த ஆயாவோடு சண்டை போட்டிருக்கிறேன். இருபதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திறந்தால் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், இரவில் இருபத்துநாலு கட்டிலுக்கு ஒருத்தி. எண்ண நேரமில்லை என்றால் கேஸ் ஷீட்டில் மூச்சுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கட்டம் காலியாக இருந்தால் நர்ஸிங் சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டுக் கிழிப்பார், ஏனென்றால் தரச் சான்றிதழுக்கு ஆய்வு வருகிறவர்கள் காலிக் கட்டத்தைத்தான் தேடுவார்கள். கட்டத்தில் பொய் இருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை எவன் கண்டுபிடித்தானோ தெரியாது, அவனை நேரில் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

நான் அங்கே வேலை பார்த்த கடைசி வருஷம், கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு அம்மாவைத் திருச்செந்தூரிலிருந்து வேனில் கொண்டுவந்து அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர், வயது ஐம்பதுக்குள். வயிற்றுவலி, வாந்தி. நாலு வருஷமாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர். கூட வந்தவள் அவருடைய ஒரே மகள், கல்யாணமானவள்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் வேலைக்கு வந்தபோது இரவு நர்ஸ் கேஸ் ஷீட்டை நீட்டி ஒப்பித்தாள். பித்தப்பையில் கல் இருக்கலாம், பதினொரு மணிக்கு ஸ்கேன், அதுவரை வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது, சாப்பாடு இல்லாததால் இன்சுலினையும் நிறுத்தி வைத்திருக்கிறது. சர்க்கரை இருநூற்று அறுபது. சர்க்கரைக்காரருக்கு அது ஒரு பெரிய எண்ணாக யாருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அவசரப் பிரிவில் மூச்சு இருபது, சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது, இரவு பத்து, இரண்டு, காலை ஆறு, மூன்று வேளையும் இருபது.

கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருந்ததால் நான் அடுத்த கையில் புதிதாக ஏற்றப் போனேன். அந்த மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"அம்மா, இந்தக் கயித்த எடுத்துரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. சூரசம்ஹாரம் முடிஞ்சுதான் அவுக்கணும்."

"சரி, பைய மேல தள்ளிக்கிடுதேன்."

இரண்டு விரல் மேலே தள்ளிவிட்டு ஊசியை ஏற்றினேன். இப்போது நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்த எவருக்கும் அது என்ன கயிறு என்று தெரியும். சஷ்டி விரதத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டு, ஆறு நாள் கோயில் வளாகத்திலேயே கிடந்து, சிலர் பாலும் பழமும், சிலர் வெறும் தண்ணீர், அப்படி இருக்கிறவர்களைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். நாங்கள் நாலு தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அடுத்தவர்கள் சாமி விஷயத்தைத் துருவிக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். நல்ல பழக்கந்தான். வீட்டு வாசலோடு அதை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். "சாப்பிட்டு எத்தன நாளாச்சும்மா? ஊசி கடைசியா எப்பம் போட்டிய?" என்ற இரண்டே கேள்வி. மரியாதை பார்த்துக் கேட்காமல் விட்டேன். சேர்க்கும்போது நிரப்புகிற படிவத்திலும் "இன்சுலின்: ஆம்" என்று ஒரு டிக் மட்டும் இருந்தது. கடைசியாக எப்போது என்று கேட்க அதில் கட்டமே கிடையாது.

ஒன்பது மணிபோல மகள் என் மேஜைக்கு வந்தாள்.

"சிஸ்டர், அம்மா மூச்சு ஒரு மாதிரி வாங்குதா."

"வலியில அப்படித்தாம்மா இருக்கும். ஸ்கேன் முடியட்டும்" என்றேன். தலையை நிமிர்த்திக்கூடச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு எல்லாக் கட்டிலையும் சுற்றினேன். அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், நாடித்துடிப்பு கொஞ்சம் கூடுதல் என்று குறித்தேன். மூச்சுக்கு நேராக இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குவது என் கண்ணுக்கு நேரேதான் நடந்தது. கண் பார்த்தது, கை தன்பாட்டுக்கு எழுதியது. செக்குமாட்டைச் சுற்றச் சொல்ல வேண்டுமா என்ன.

பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது மகள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை என் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஓடிவந்தவ மாதிரி மூச்சு விடுதா, சிஸ்டர். கட்டில விட்டு அவ எங்கனயும் போவலியே."

அந்த வார்த்தைதான் என்னை எழுப்பியது. போனேன். கட்டிலுக்குக் கிட்டே குனிந்ததும் அழுகின பழ வாடை அடித்தது, அந்த அம்மாவின் வாயிலிருந்து. காலையில் இரண்டு தரம் கிட்டே நின்றிருக்கிறேன், எனக்கு வாடை தெரியவில்லையாம். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல நின்றுகொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணினேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள், அதற்காக இப்படிச் செய்யவேண்டும் என்று படிக்கும்போதே சொல்லித் தந்திருந்தார்கள். முப்பத்தாறு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு. ஆழமான, அடிவயிற்றிலிருந்து இழுக்கிற மூச்சு.

"அம்மா, இன்சுலின் ஊசி கடைசியா எப்பம் போட்டிய?"

மகள் முந்திக்கொண்டாள். "தினமும் போடுதால்லா, சிஸ்டர்."

அந்த அம்மா மகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மூச்சுக்கு நடுவே வார்த்தை வார்த்தையாக வந்தது. "சோறே திங்கல... பொறவு ஊசி எதுக்கு? காப்புக் கட்டுன அன்னைக்கே நிறுத்திட்டேன். இவ ஏசுவான்னு சொல்லல."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷமாக அவளுக்குப் பிள்ளை இல்லை. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள், அகப்பை என்றால் கருப்பை. மகளுக்குப் பிள்ளை வேண்டி அம்மா விரதம் இருந்திருக்கிறார். விரதத்தில் சோறு இல்லை, சோறு இல்லாததால் ஊசி இல்லை. படிக்காத கணக்கு என்று யாரும் சிரிக்க வேண்டாம், முந்தின நாள் ராத்திரியிலிருந்து நாங்களும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தோம். சோறு இறங்காவிட்டாலும் உடம்புக்கு இன்சுலின் வேண்டும். அது அறவே இல்லாமல் போனால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ரத்தம் அமிலமாகும், அந்த அமிலத்தைத் தள்ளத்தான் மூச்சு இப்படி வாங்கும். வயிற்றுவலியும் வாந்தியும் வாயில் அந்தப் பழ வாடையும் அதோடு வருகிறவை. பித்தப்பையில் ஒரு மண்ணும் இல்லை.

டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். படித்து முடித்து வந்து ஒரு வருஷம் ஆகாத பையன், கெட்டவன் இல்லை. கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.

"சிஸ்டர், பத்து மணிக்கு இருபதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? முக்கால் மணி நேரத்துல முப்பத்தாறு எப்படி ஆகும்? நேத்துலேர்ந்து இருபதுலதான இருக்காங்க. வலி, பதட்டம், அதான் இருக்கும். ஸ்கேனுக்கு அனுப்புங்க, பாத்துக்கலாம்."

அவர் விரல் என் கையெழுத்தின் மேல் இருந்தது. என் எழுத்தைக் காட்டி என்னையே பொய் என்கிறார், அவர் சொல்வதும் நியாயம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அவர் மேல் இல்லை அந்த ஆத்திரம். சுற்றி நாலு பேர் நின்றார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிப்போக வந்த ஊழியர் உட்பட.

"டாக்டர், நான் எண்ணல. சும்மா எழுதுனேன். அதுக்கு மேல இருக்க அஞ்சும் யாரும் எண்ணி எழுதுனது இல்ல. இப்பம்தான் எண்ணுனேன், ரெண்டு தரம் எண்ணுனேன். அஞ்சு நாளா இன்சுலினே போடல அவங்க. எழுந்து வாங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு என்னைத் தாண்டி ஓடினார். சிறுநீரைச் சோதித்த பட்டை கருஞ்சிவப்பாக மாறியது, அமிலம் ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்கேன் போகவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். அங்கே செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா வாசலுக்குள் நுழைந்து பதினேழு மணி நேரம் கழித்துச் செய்தார்கள். மூன்றாம் நாள் இதயம் நின்றுபோனது.

மகளிடம் மூத்த டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "விரதம் இருந்து இன்சுலினை நிறுத்தினதுதான் காரணம். நாங்க எவ்வளவோ போராடினோம்." அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையை அன்றைக்குத்தான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு சூப்பிரண்டு மேடத்திடம் போனேன். படித்துவிட்டு மடித்து என் பக்கமே தள்ளினார்.

"அந்தம்மா ஊசிய நிறுத்திட்டு மறைச்சிருக்கா. நம்ம சார்ட்டு சுத்தமா இருக்கு. நீ எதுக்குத் தெருவுல போற ஓணான எடுத்து மடியில விடுத?"

"சார்ட்டு சுத்தமா இருக்கதுதான் மேடம் தப்பு."

"இருபத்தாறு வருஷம் கழிச்சு உனக்கு ஞானம் வந்திருக்கு" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். அவரும் என்னோடு அதே வார்டில் அதே இருபதை எழுதி மேலே போனவர்தான்.

என் தொல்லை பொறுக்காமல் ஒரு சுற்றறிக்கை விட்டார். மூச்சை எண்ணித்தான் குறிக்க வேண்டும், எல்லாருக்கும் இருபது என்று எழுதினால் நடவடிக்கை. அதன் பலன் ஒரே வாரத்தில் தெரிந்தது. வார்டில் இருபது மறைந்தது. பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று கலந்து வரத் தொடங்கியது. நானும் முட்டாள் மாதிரி இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் காலை அந்த இரவு நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து ஷீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு வரிசையாக நிரப்புவதைப் பார்த்தேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"எண்ணுனத எழுதுதேன், சிஸ்டர்."

"ஏழாம் கட்டிலு ஆளு நேத்தே வீட்டுக்குப் போயாச்சு. அவருக்கும் பதினெட்டுன்னு எழுதியிருக்க. வீட்டுக்குப் போயி எண்ணிட்டு வந்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவளை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வார்டே எட்டிப் பார்த்தது. பேசி முடித்ததும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைத் திட்டி என்ன கண்டேன்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவளுக்கு யார் எழுதிக் காட்டினார்கள்? நான்தான். "மூச்சுக்கு இருபதுன்னு போட்டுட்டு வா, சீக்கிரம்" என்று சொன்ன என் குரல் எனக்கே நினைவிருந்தது.

அந்த அம்மா இறந்து ஒரு மாதம் இருக்கும். சத்துணவு அலுவலகத்தில் காகிதம் கேட்கிறார்கள் என்று கேஸ் ஷீட்டின் நகல் வாங்க மகள் வந்தாள். பாதியாய் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என் தலையில் இடி மாதிரி விழுந்தது.

"நீங்க ஒருத்திதான் சிஸ்டர் அன்னைக்கு ஓடுனிய" என்றாள்.

அவளை உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினாள். விடாமல் கேட்டேன்.

"எங்க வீட்டுல மாமியார்லேர்ந்து எல்லாரும் சொல்லுதாவ. பெத்தவளையே முழுங்குனவளுக்குப் பிள்ள எப்படித் தங்கும்னு. எனக்கும் அப்படித்தான் தோணுது, சிஸ்டர். எனக்காவத்தான விரதம் இருந்தா. நாந்தான கொன்னேன்?" குரல் கூட உயரவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் வழக்கைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

எனக்குள் ஒரு மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. மேடம், ஆஸ்பத்திரி, வேலை எதுவும் அப்போது கண்ணில் தெரியவில்லை. அவள் அலுவலகத்தில் வாங்கி மடியில் வைத்திருந்த நகலை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன்.

"இங்கன பாரு. இதுல ஆறு இருபது இருக்கா? இது உங்கம்மா மூச்சு. ஆறும் பொய்யி. ஒருத்தரும் எண்ணல. கடைசியா உள்ளது நான் எழுதுனது. நீ ஒன்பது மணிக்கே வந்து சொன்ன, நான் காதுல வாங்கல. முந்துன நாளு சாயங்காலமே யாராவது எண்ணியிருந்தா உங்கம்மா பொழைக்க வழி இருந்துச்சு. விரதம் இருந்தது அவங்க. கவனிக்காம விட்டது நாங்க. உன் பேரு இதுல எங்கயும் இல்ல."

அவள் அழுவாள், இல்லாவிட்டால் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எழுதித் தருவியளா?" என்றாள். "நான் வாயால சொன்னா எங்க வீட்டுல நம்ப மாட்டாவ."

எழுதினேன். என் பெயர், பொறுப்பு, பதிவு எண். காலை பத்து மணிக்கு இவர் மூச்சை நான் எண்ணவில்லை, எண்ணாமலே இருபது என்று எழுதினேன், மகள் இரண்டு முறை வந்து சொன்னாள், முதல் முறை நான் எழுந்து போகவில்லை. எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. வேலை போகும் என்று தெரியும், பிறகு போகவும் செய்தது. அவள் வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு நகலில் இருந்த மற்றக் கையெழுத்துகளின் மேல் விரலை வைத்தாள். அவசரப் பிரிவுக்காரி ஒன்று, சாயங்கால நர்ஸ் ஒன்று, இரவு நர்ஸ் மூன்று.

"இதுல நீங்க ஒருத்திதான இருக்கிய. மத்த மூணு பேரு எங்க?" என்று கேட்டாள்.

அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். அவசரப் பிரிவுக்காரி நான் சொல்லி முடிப்பதற்குள் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்கால நர்ஸ், "எனக்கு ரெண்டு பிள்ளைய படிக்கி, அக்கா" என்று கண்ணைத் துடைத்தாள். இரவு நர்ஸ் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திட்டிய நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். விஷயத்தைச் சொன்னேன். கூந்தலைக்கூட அள்ளி முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே இறங்கி வந்தாள். மகளுக்கு எதிரே நின்று, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். நான் எழுதியதற்குக் கீழே அவளும் தன் வரியை எழுதினாள். அவள் எழுதியிருந்தது மூன்று இருபது. நேரத்தைத் தனித்தனியாகக் குறித்து, மூன்று கையெழுத்துப் போட்டாள்.